8 ஜிபி ரேமில் ஜாவா வேலை, கையில் 40,000 ரூபாய்: எதில் போடலாம்?

செண்பகத்தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலை பார்க்கிறேன், ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே, சொந்த லேப்டாப்பில். வேலைக்கு வேண்டிய சாமான் வாங்கிக்கொள்ள கம்பெனி 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஜிஎஸ்டி பில் கொடுத்தால் சம்பளத்தோடு வந்துவிடும், மார்ச் முடிவதற்குள் வாங்காவிட்டால் அதோடு சரி.

இப்போது இருப்பது 11ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை, விண்டோஸ் 11. அதில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுவது), அதற்குள் டாக்கர் என்ற கன்டெய்னர் சாஃப்ட்வேரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரெடிஸ் கேஷ், மெசேஜ்களைக் கைமாற்றும் காஃப்கா. இந்தப் பக்கம் புரோகிராம் எழுதும் இன்டெல்லிஜே, குரோமில் எப்போதும் ஒரு முப்பது டேப், போதாததற்கு டீம்ஸ். காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. மதியத்துக்கு மேல் ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலே திரை வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நிற்கிறது. மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தால் ஃபேன் இரைச்சல் அந்த முனை வரை கேட்கிறதாம்.

நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே கொஞ்சம் போட்டுப் புதிது வாங்கு என்கிறான் ஒருத்தன். பழைய மேக் வாங்கு என்கிறான் இன்னொருத்தன். எனக்கோ பெரிய மானிட்டர் ஒன்றும் நல்ல கீபோர்டு ஒன்றும் வாங்க ஆசை. இதில் கரண்ட் தொல்லை வேறு, பராமரிப்பு மின்தடை அறிவித்தால் அன்றைக்கு வேலை அம்பேல்.

அப்புறம், சாமான் மட்டுமில்லை. நீங்கள் தினமும் உண்மையிலேயே தொடுகிற சாஃப்ட்வேர் எவை? 'டெவலப்பர் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய 50 டூல்' மாதிரிப் பட்டியல் நிறையப் படித்தாயிற்று, அது வேண்டாம். எதை எடுத்துவிட்டால் உங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும், அதைச் சொல்லுங்கள்.


ரிச்சி_தெரு_ரெகுலர்:

புது லேப்டாப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள் ப்ரோ. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் மதிய நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி வரிசைப்படி பாருங்கள். 'விஎம்மெம்' என்று தொடங்கும் ஒன்று மேலே உட்கார்ந்திருக்கும். அதுதான் உங்கள் டபிள்யூஎஸ்எல். அது ஒரு நிஜ லினக்ஸ் கெர்னலை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுகிறது, மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ள அதற்கு இயல்பாகவே அனுமதி உண்டு. 8இல் 4 அதற்குப் போனால் மீதி 4க்கு விண்டோஸ், இன்டெல்லிஜே, குரோம், டீம்ஸ் நாலும் அடித்துக்கொள்ளும். இடம் பற்றாதபோது விண்டோஸ் ரேமில் இருப்பதை எஸ்எஸ்டிக்குத் தள்ளுகிறது, நீங்கள் அந்த விண்டோவுக்குத் திரும்பினதும் மறுபடி இழுக்கிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைத் திரை அந்த இழுபறிதான். பிராசஸரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, 11ஆம் தலைமுறை ஐ5 ஜாவா வேலைக்கு இன்னமும் தாராளம்.

காசு செலவழிக்கும் முன்னால் இதைச் செய்துபாருங்கள். உங்கள் யூசர் ஃபோல்டரில், சி டிரைவில் உங்கள் பெயரில் இருக்குமே அதில், புள்ளி வைத்துத் தொடங்கும் 'டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்' என்ற ஃபைலை உருவாக்கி, 'டபிள்யூஎஸ்எல்2' என்ற தலைப்பின் கீழ் மெமரி 3 ஜிபி என்று ஒரு வரி எழுதுங்கள். டபிள்யூஎஸ்எல்லை ஒருமுறை ஷட்டவுன் செய்து மறுபடி கிளப்பினால்தான் அது நடப்புக்கு வரும், டெர்மினலை மூடித் திறந்தால் போதாது.

அடுத்து காஃப்கா. அதோடு வரும் ஸ்கிரிப்ட் ஒரு ஜிபி ஹீப்போடுதான் (ஜாவா தன் தரவுக்கு ஒதுக்கும் மெமரி) அதைத் தொடங்கும். வீட்டில் சோதனைக்கு நாலு மெசேஜ் அனுப்ப அவ்வளவு எதற்கு? ஹீப் அளவை என்விரான்மென்ட் வேரியபிளில் குறைத்துக் கொடுங்கள், கால் பங்கில் ஓடும். உங்கள் சொந்த சர்வீஸ்களும் அப்படித்தான். ஹீப் அளவு சொல்லாமல் விட்டால் ஜேவிஎம், அதாவது ஜாவாவை ஓட்டும் எந்திரம், தனக்குத் தெரிகிற ரேமில் கால்வாசியை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும். நாலு சர்வீஸ் சேர்ந்து ஓடினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். கோடு, அதாவது நீங்கள் எழுதும் புரோகிராம், எந்தப் பக்கம் இருக்கிறது, அதைக் கம்பைல் செய்யும் பில்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது? கோடு சி டிரைவில் இருந்து, பில்ட் டூலான மேவனை டபிள்யூஎஸ்எல் டெர்மினலில் ஓட்டினால், ஒவ்வொரு ஃபைலைத் திறக்கவும் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு நடுவே எல்லை தாண்ட வேண்டும். ஜாவா பிராஜெக்ட்டில் குட்டிக் குட்டி ஃபைல் ஆயிரக்கணக்கில் இருக்கும், சொல்லவே வேண்டாம். பில்ட் ஓடுகிற பக்கமே கோடும் இருக்கட்டும். இன்டெல்லிஜே விண்டோஸில்தான் இருக்கிறது என்றால் ஜாவா கம்பைலர் அடங்கிய ஜேடிகேயையும் விண்டோஸிலேயே போட்டு அங்கேயே பில்ட் செய்யுங்கள். டபிள்யூஎஸ்எல்லில் டாக்கர் மட்டும் இருந்தால் போதும். லோக்கல்ஹோஸ்ட் வழியாக போஸ்ட்கிரெஸுக்கு அங்கிருந்தே போகலாம், அதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

இதெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் உங்கள் பிரச்சினை ரேமோடு தீர்ந்தது.


பழசே_போதும்:

ரேம் போட ஸ்லாட் இல்லாத மாடல் என்றால் மட்டும் வேறு லேப்டாப் யோசியுங்கள், அப்போதும் புதிது வேண்டாம். கம்பெனிகள் லீஸ் முடிந்து திருப்பித் தரும் திங்க்பேட் டி480 மாதிரி மாடல்கள் சந்தையில் கிடைக்கும். அதில் இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கிறது, வெளி பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், கீபோர்டு அருமை. 8ஆம் தலைமுறை இன்டெல் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் விண்டோஸ் 11 ஏறும். அதற்கு முந்தைய டி470ஐ மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதன் 7ஆம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான சப்போர்ட் முடிந்தது. லினக்ஸ் போடுவதாக இருந்தால் அதுவும் நல்ல சாமான்தான்.

கடையிலேயே வைத்து இரண்டு விஷயம் பாருங்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்) போக பாஸ்வேர்டு கேட்கிறதா என்பது ஒன்று, கேட்டால் அப்படியே கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கமாண்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்ணும் வரும். கடைக்காரர் வாய்ச்சொல்லைவிட அந்த ரிப்போர்ட் நம்பகமானது.


தட்டெழுத்து_தனபாலு:

ரேம் விஷயத்தை மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார், நான் கண்ணுக்கும் கைக்கும் சொல்கிறேன்.

மானிட்டர் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். 24 அங்குலம் என்றால் 1080பி (1920×1080 புள்ளி) போதும். 27 அங்குலம் எடுப்பதானால் 1440பிக்குக் (2560×1440) கீழே இறங்காதீர்கள். 27இல் 1080பி என்பது அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், நாள் முழுக்க எழுத்தையே பார்க்கிற நமக்கு அது கண்வலி. 24இல் 1080பி 92 புள்ளி, 27இல் 1440பி 109 புள்ளி. கடைக்காரர் 4கே ஒன்றைக் காட்டி ஆசை காட்டுவார், உங்கள் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ 1.4 மட்டும்தான் இருக்கிறது என்றால் 4கே நொடிக்கு 30 பிரேமோடு நின்றுவிடும், மவுஸ் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். 1440பி அதிலேயே 60இல் ஓடும். பேனல் ஐபிஎஸ்ஸா (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை) என்று பாருங்கள். உயரம் மாற்றுகிற ஸ்டாண்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பழைய டெலிபோன் டைரக்டரி வீட்டில் கிடக்கும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்தால் சரி.

கீபோர்டுக்கு என் ஓட்டு டிவிஎஸ் கோல்டு. நம்ம சென்னை டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் விற்பது. மருந்துக்கடை பில்லிங் கவுன்ட்டரில் டடக் டடக் என்று சத்தம் வருமே, அதேதான். அழகுக்கு எதுவும் கிடையாது, விளக்கு எரியாது, ஆனால் உள்ளே இருப்பது ஜெர்மனியின் செர்ரி எம்எக்ஸ் நீல ஸ்விட்ச். சாதாரணக் கீபோர்டில் எல்லா எழுத்துக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு, நாளாக நாளாக அது தொய்ந்துபோகும், எழுத்து பதிந்ததா இல்லையா என்று தெரியாமல் அடி வரைக்கும் குத்திக்கொண்டே இருப்போம். மெக்கானிக்கலில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்பிரிங், தனி ஸ்விட்ச், பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும், விரலும் அதை உணரும். சாயங்காலம் விரல் கணுவில் வித்தியாசம் தெரியும். செர்ரியின் காப்புரிமை முடிந்தபிறகு கேட்டரான், அவுட்டெமு என்று சீன ஸ்விட்ச்சுகள் வந்துவிட்டன, அதனால் மெக்கானிக்கல் என்றாலே பத்தாயிரம் என்று பயப்படுகிற காலம் போயே போய்விட்டது.


நிசப்தம்_வேண்டுவோர்_சங்கம்:

தனபாலு அண்ணே, டிவிஎஸ் கோல்டு வாங்கச் சொன்னால் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு ஹெட்ஃபோன் வாங்கச் சொல்ல வேண்டாமா? பேசிக்கொண்டே மீட்டிங் குறிப்பு எழுதினால் மைக்கில் அதுதான் கேட்கும். வீட்டிலிருந்து வேலை என்றால் பழுப்பு ஸ்விட்ச் வாங்குங்கள், விரலுக்குத் தட்டுப்படும், டக் சத்தம் இருக்காது. சிவப்பு என்றால் தட்டும் இல்லை சத்தமும் இல்லை, நேராக இறங்கும், அது கேம் ஆடுகிறவர்களுக்குப் பிடித்தது.


கருந்திரைக்காரி:

சாஃப்ட்வேர் பற்றிக் கேட்டீர்கள், அதை யாரும் தொடக்காணோம். கோவையில் ஒரு சின்ன புராடக்ட் கம்பெனியில் இருக்கிறேன், நாளில் பாதி நேரம் டெர்மினலில்தான்.

என்னிடமிருந்து பிடுங்கினால் சண்டைக்கு வருவேன் என்று சொல்லக்கூடியது கிட், கோடில் செய்த மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் டூல். எல்லோரும்தானே கிட் பயன்படுத்துகிறோம் என்பீர்கள். ஆட், கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ், புல் நாலோடு நிற்கிறவர்கள்தான் அதிகம், அதற்கு மேல் ஏதாவது சிக்கினால் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்கிறார்கள். கிட் ரீஃப்ளாக் என்று அடித்துப்பாருங்கள். உங்கள் பிராஞ்ச்சின் (மாற்றங்களின் தனிக் கிளை) முனை எங்கெங்கே போய்வந்தது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ரீபேஸ் சொதப்பிவிட்டதா, பிராஞ்ச்சை அழித்துவிட்டீர்களா, கமிட் செய்தது எதுவும் உடனே காணாமல் போகாது, எந்தப் பிராஞ்ச்சிலும் ஒட்டாமல் அனாதையாகக் கிடப்பதைக்கூட இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். அந்தக் கமிட்டின் அடையாள எண்ணான ஹாஷை எடுத்து ஒரு புதுப் பிராஞ்ச் போட்டால் வேலை திரும்பி வந்துவிடும். ஆனால் கமிட்டே செய்யாமல், மாற்றங்களைத் துடைத்துவிடும் ஹார்ட் ரீசெட் அடித்தால் ரீஃப்ளாக்கால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது இன்டெல்லிஜேயின் லோக்கல் ஹிஸ்டரியில் தேடுங்கள், கிட்டுக்குத் தெரியாமலே அது நீங்கள் சேமித்ததையெல்லாம் சில நாள் வைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து கிட் பைசெக்ட். போன மாதம் ஓடின ஒன்று இன்று ஓடவில்லை, நடுவில் ஆயிரம் கமிட் இருக்கிறது என்று வையுங்கள். நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று காட்டினால் அது நடுவில் இருப்பதை எடுத்துத் தரும், சோதித்து நல்லதா கெட்டதா என்று சொன்னால் பாதியைக் கழித்துவிட்டு அடுத்த நடுவுக்குப் போகும். ஆயிரத்துக்குப் பத்து தடவைக்குள் கெடுத்த கமிட் சிக்கிவிடும். டெஸ்ட் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கையில் கொடுத்து 'பைசெக்ட் ரன்' போட்டால் அந்தப் பத்தையும் அதுவே செய்யும், நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதியதே லினக்ஸ் கெர்னலுக்காக. அதுவரை அவர்கள் வைத்திருந்த பிட்கீப்பரின் இலவச அனுமதி போய்விட்டதால் வேறு வழியில்லாமல் எழுதியது. உலகம் பூராவும் இருந்து பேட்ச் அனுப்புகிற கூட்டத்தில் எது எப்போது உடைந்தது என்று கண்டுபிடிப்பது அன்றாட வேலை, அந்தத் தேவை இந்தக் கமாண்டிலேயே தெரியும்.

மற்றபடி கோடுக்குள் தேட ரிப்கிரெப். கிட் கவனிக்க வேண்டாம் என்று கிட்இக்னோர் ஃபைலில் எழுதியிருப்பதை அதுவாகவே தவிர்த்துவிடும், டார்கெட் ஃபோல்டர் குப்பையெல்லாம் முடிவில் வந்து கொட்டாது. பழைய கமாண்டைத் தேட எஃப்இசட்எஃப். கன்ட்ரோல் ஆரோடு அதைச் சேர்த்துவிட்டால், அரைகுறையாக ஞாபகம் இருக்கும் இரண்டு துண்டை அடித்தாலே போன மாதம் அடித்த நீள கமாண்ட் வந்து நிற்கும். ஏபிஐ பார்க்க, கோரிக்கை அனுப்ப கர்லும் வரும் ஜேசனைப் பிரித்துப் படிக்க ஜேக்யூவும். டேட்டாபேஸுக்கு பிஎஸ்க்யூஎல். குவெரி எங்கே நேரம் தின்கிறது என்று எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டுப் பார்க்கத் தனி விண்டோ எதற்கு?

எடிட்டருக்கு விம். மதப்பிரச்சாரம் செய்யவில்லை, ஆனால் சர்வரில் எஸ்எஸ்எச் போட்டு இறங்கினால் அங்கே இருப்பது அதுதான், வெளியே வரத் தெரிந்திருந்தாலே பாதி மரியாதை. எச், ஜே, கே, எல் எழுத்துகளில் எதற்கு நகர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பில் ஜாய் வி எடிட்டரை எழுதியது ஏடிஎம்-3ஏ டெர்மினலில், அதன் கீபோர்டில் அந்த நாலு எழுத்தின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அதே பாணியில் விம்மை 1991இல் வெளியிட்டு, 2023இல் காலமாகும் வரை பார்த்துக்கொண்டவர் பிராம் மூலெனார். பணம் தருவதாக இருந்தால் உகாண்டாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று விம்மைத் திறந்ததுமே முதல் திரையில் இன்றும் வரும்.


பிரேக்பாயின்ட்_பாண்டி:

அக்கா சொன்ன கிட் பகுதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். விம் பகுதியை ஜாவாக்காரர்கள் தாண்டிவிடலாம். ஐந்நூறு கிளாஸ் இருக்கும் பிராஜெக்ட்டில் ஒரு மெத்தட் பெயரை மாற்றினால், எங்கெங்கே கூப்பிடுகிறார்கள், எந்த இன்டர்ஃபேஸ் வழியாக வருகிறது என்றெல்லாம் தெரிந்து மாற்ற வேண்டும். 2016இல் மைக்ரோசாஃப்ட் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் கொண்டுவந்தபிறகு விஎஸ் கோட், நியோவிம் எல்லாமும் அதை ஓரளவு செய்கின்றன, மறுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் ஜாவாவுக்கு இன்டெல்லிஜே எட்டாத உயரத்தில் இருக்கிறது, 2001இலிருந்து அவர்களுக்கு அதுதானே பிழைப்பு.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று, டிபக்கர், ஓடும் கோடை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவி. மதிப்பை அச்சிட்டுப் பார்க்க சிஸ்டம் அவுட் போட்டுப் போட்டு ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பதை இன்றோடு விடுங்கள். நிற்க வேண்டிய வரியில் சிவப்புப் புள்ளி (பிரேக்பாயின்ட்) வைப்பது எல்லோருக்கும் தெரியும், அந்தப் புள்ளியின் மேல் ரைட் கிளிக் செய்து நிபந்தனை கொடுக்கலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பத்தாயிரம் ஆர்டர் சுற்றுகிற லூப்பில், கஸ்டமர் ஐடி இதுவாகவும் தொகை பூஜ்யமாகவும் இருந்தால் மட்டும் நில் என்று எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். நிற்காமல் மதிப்பை மட்டும் லாகில் எழுதிவிட்டுப் போ என்றும் சொல்லலாம், அதற்காகக் கோடைத் தொட வேண்டியதே இல்லை. நின்ற இடத்தில் ஆல்ட் எஃப்8 அடித்தால் என்ன எக்ஸ்பிரஷன் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஷார்ட்கட்டில் மூன்று போதும்: எதைத் தேடவும் ஷிஃப்ட்டை இரண்டு முறை, சற்றுமுன் திறந்த ஃபைல்களுக்கு கன்ட்ரோல் ஈ, எந்த மெனுவில் ஒளிந்திருக்கிறது என்று தெரியாததற்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ.

ஏஐ பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 2022இல் கோடு எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட் எல்லோருக்கும் திறந்துவிட்டதிலிருந்து ஏதோ ஒன்றை வைத்திருக்கிறேன். யூனிட் டெஸ்ட்டின் சலிப்பான பாகம், ரெகுலர் எக்ஸ்பிரஷன், புரியாத எஸ்க்யூஎல்லை விளக்கச் சொல்வது, இதற்கெல்லாம் பிரமாதம். டிரான்சாக்‌ஷன், திரெட் சமாச்சாரங்களில் நம்பிக்கையோடு தப்பாக எழுதும், படிக்காமல் ஏற்றாதீர்கள். கம்பெனி கோடை அதில் ஒட்ட அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் இதில் ரொம்பக் கறார்.


செண்பகத்தோப்பு:

அடேயப்பா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ரெகுலர் அண்ணா சொன்னதையெல்லாம் பார்த்தேன். விஎம்மெம் 3.7 ஜிபியில் நிற்கிறது. கோடு சி டிரைவில், பில்ட் டபிள்யூஎஸ்எல்லில், நீங்கள் சொன்ன அதே கதை. ஜேடிகேயை விண்டோஸில் போட்டு அங்கே பில்ட் ஓட்டினேன், வேறு யாருடைய லேப்டாப்போ என்று ஆகிவிட்டது. காஃப்கா ஹீப்பைக் குறைத்தேன், மெமரிக்கு 3 ஜிபி வரம்பும் வைத்தேன். இப்போது வெள்ளைத் திரை குறைந்திருக்கிறது, அடியோடு போகவில்லை. இன்டெல்லிஜே, டீம்ஸ் இரண்டும் சேர்ந்தால் மூச்சுவாங்குகிறது.

ஸ்லாட் இரண்டில் ஒன்று யூஸ்டு என்று காட்டுகிறது, டிடிஆர்4, 3200. ஒரு 16 ஜிபி வாங்கலாமா, அல்லது ஏற்கனவே இருப்பதும் 8 என்பதால் இன்னொரு 8 தான் ஜோடி சேருமா? பாண்டி அண்ணா, நிபந்தனை வைத்த பிரேக்பாயின்ட் எனக்கும் இன்றுதான் தெரியும். அப்புறம், கரண்டுக்கு யாராவது வழி சொல்லுங்கள்.


குற்றாலச்_சாரல்:

கரண்டுக்கு நான் வருகிறேன், தென்காசிப் பக்கம், நம் இரண்டு ஊருக்கும் ஒரே ராசிதான். 'காலை 9 மணி முதல்' என்று பேப்பரில் துணைமின் நிலையப் பெயரோடு போடுவார்களே, அதைப் பார்த்து மீட்டிங்கைத் தள்ளிவைப்பது ஒரு வழி. நிரந்தர வழி வேண்டுமென்றால் லேப்டாப்பை விட்டுவிட்டு முதலில் இன்டர்நெட்டைப் பாருங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, ரவுட்டரில் இல்லை. கரண்ட் போன நொடியே மீட்டிங் அழைப்பு துண்டிக்கிறது என்றால் காரணம் அதுதான். ரவுட்டருக்கென்றே டிசி மினி யூபிஎஸ் விற்கிறார்கள், ஒன்றிரண்டாயிரம் ரூபாய்ச் சமாச்சாரம். வாங்கும் முன் உங்கள் ரவுட்டர் அடாப்டரின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், சிலதில் 9 வோல்ட். ஆம்பியரும் பொருந்த வேண்டும். ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும், இரண்டு வெளிச்செல்லும் பின் இருக்கும் மாடலாகப் பாருங்கள்.

வீட்டில் ஏற்கனவே இன்வெர்ட்டர் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட்-ஹவர். முழுக்க உறிஞ்ச முடியாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும், ஒரு 1,250 கைக்கு வரும் என்று வையுங்கள். லேப்டாப் 50, மானிட்டர் 25, ஃபேன் 70, ரவுட்டர் 10, ஆக 155 வாட். எட்டு மணி நேரம் ஓடும். டிவியும் மிக்சியும் சேர்ந்துகொண்டால் நான் பொறுப்பில்லை. புது இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் சைன் வேவ் எடுங்கள், ஸ்கொயர் வேவில் ஃபேனும் அடாப்டரும் உர்ரென்று உறுமும்.


ரிச்சி_தெரு_ரெகுலர்:

16 ஜிபியே வாங்குங்கள். 8ம் 16ம் சேர்ந்து 24 ஜிபி, ஒரே அளவாக இல்லாவிட்டாலும் இன்டெல் அதில் 16 ஜிபி வரைக்கும் இரட்டைச் சேனலில் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் படிப்பது) ஓட்டிக்கொள்ளும், மீதி ஒற்றையில் போகும், வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு 8 போட்டு 16இல் நிறுத்தினால் அடுத்த வருடம் இதே கேள்வியோடு வருவீர்கள். ஒன்று மட்டும் கவனம், சில மாடல்களில் ஒரு 8 போர்டிலேயே சால்டர் செய்திருக்கும், டாஸ்க் மேனேஜர் அதையும் ஸ்லாட் என்றே சொல்லும். உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளர் தளத்தில் எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கேட்கும்போது லேப்டாப் ரேம், டிடிஆர்4, 3200 என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். டிடிஆர்5 அந்தப் பள்ளத்தில் உட்காராது, டெஸ்க்டாப் ரேம் நீளமே வேறு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது, ஆகவே நாலு இடத்தில் விலை கேட்டபிறகு வாங்குங்கள். சென்னை வருவதாக இருந்தால் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம், அங்கேயே போட்டும் கொடுத்துவிடுவார்கள், உங்கள் முன்னால் வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். வாரன்ட்டி மிச்சம் இருந்தால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறங்கள்.

போட்டு முடிந்ததும் டபிள்யூஎஸ்எல்லுக்கு வைத்த 3 ஜிபி வரம்பை 8 ஆக்கிவிடுங்கள், அதை மறந்துவிட்டு டாக்கர் திணறுகிறது என்று வருபவர்கள் உண்டு.

ரேம் போக மிச்சத்தில் 27 அங்குல 1440பி மானிட்டர், ரவுட்டர் யூபிஎஸ், பழுப்பு ஸ்விட்ச் கீபோர்டு மூன்றும் அடங்குகிறதா பாருங்கள். இடித்தால் மானிட்டரை 24க்கு இறக்குங்கள், ரேமில் கை வைக்காதீர்கள். பில் கம்பெனி பெயரில் அவர்கள் ஜிஎஸ்டி எண்ணோடு வேண்டுமா, உங்கள் பெயரில் போதுமா என்று எச்ஆரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அடித்த பில்லை அப்புறம் மாற்றித் தரச்சொன்னால் கடைக்காரர்கள் லேசில் மசிய மாட்டார்கள்.